கதவு வரைக்கும்

கடைசியாக நான் செய்த சாதாரண வேலை, ஒரு நாயின் எச்சிலைத் துடைத்தது. நிஜ நாய் இல்லை. கீழுதட்டிலிருந்து நூல்போலத் தொங்கிய எச்சிலைக் கணினித் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் மணி 4:06. மாலை. வெளியே நல்ல வெயில்.

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. நடந்தது நடந்தபடியே இருக்கிறது. நேரங்களைக்கூட நான் நினைவிலிருந்து எழுதவில்லை. திரையிலும் கேமராவிலும் பதிவானவை அவை. எனக்குக் கை நடுங்கியிருக்கலாம். கேமராவின் கடிகாரத்துக்கு நடுக்கம் கிடையாது.

நானும் என் தம்பியும் வீட்டிலேயே நாய்களைப் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தோம். பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீட்டின் கடைசி அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சுவரில் சாம்பல் நிறத் திரை. கம்பத்தின்மேல் ஒரே ஒரு விளக்குப் பெட்டி, முகப்பில் வெள்ளைத் துணி கட்டியது. நடுவில், பழைய கம்பளம் போர்த்திய மரப்பெட்டி. நாய் அதன்மேல் உட்காரும். நட்ட நடுப்பகலிலும் அந்த அறைக்குள் இருட்டுதான்.

கேமரா என் பொறுப்பு. நாய் அவன் பொறுப்பு.

அமுக்கினால் கத்தும் ரப்பர் வாத்துக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஊதல் இருக்கும். தம்பி வாத்தைக் கிழித்து, ஊதலை மட்டும் எடுத்து வாய்க்குள் அடக்கிக்கொள்வான். கேமரா ஸ்டாண்டின் இடது காலை ஒட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டு ஊதுவான். கீ... கீக். முதலில் நீளம், அடுத்தது குட்டை. எப்பேர்ப்பட்ட நாயும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவனைப் பார்க்கும். அந்த ஒரு நொடியை நான் பிடித்துவிடுவேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் எங்களைத் தேடி வந்தார்கள்.

"வாய்ல வைக்காதடா. கையில வச்சு அமுக்கு" என்பேன்.

"ஒரு கையில பிஸ்கட், ஒரு கையில வெளிச்சத்துக்கு அட்டை. எனக்கென்ன மூணு கையா முளைச்சிருக்கு?"

"முழுங்கித் தொலைக்கப் போற."

"முழுங்கினா நல்லதுக்கா. அப்புறம் நான் மூச்சு விட்டாலே போதும், நாயெல்லாம் திரும்பிப் பார்க்கும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை உயரமான நாய் ஒன்று பின்னங்கால்களில் எழுந்து நின்று, கதவின் கைப்பிடியைக் காலால் தட்டித் திறந்து, தெருவரைக்கும் ஓடிவிட்டது. அன்றிலிருந்து கதவின் உள்பக்கம், என் தலைக்கு மேலே, ஒரு தாழ்ப்பாள். எந்த நாய்க்கும் எட்டாத உயரம். உள்ளே வேலை நடக்கும்போது வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டக் கூடாது என்றும் ஒரு சட்டம். இரண்டும் என் யோசனைகள்தாம்.

அன்று ஐந்து மணிக்கு ஒரு நாய் வருவதாக இருந்தது. தம்பி முன்கூட்டியே உள்ளே போய், பெட்டியின்மேல் பொம்மைக் கரடியை உட்காரவைத்து, விளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போடுவது அவன் கைக்குப் பழகிப்போயிருந்தது. நான் பக்கத்து அறையில் எச்சில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

4:06. கீ... கீக்.

கரடிக்கு ஊதுகிறான் என்று சிரித்துக்கொண்டேன்.

பிறகு கீ... கீ... கீ... ஒழுங்கில்லாமல். வேகமாக. நடுவில் ஏதோ இடறி விழுந்த சத்தம். மறுபடியும் கீ... கீ... இப்போது இன்னும் பக்கத்தில், கதவை ஒட்டி. கதவில் லேசாக ஒரு தட்டு. வேண்டுமென்றே சீண்டுகிறான் என்று நினைத்தேன். எனக்குக் காலையிலிருந்தே தலைவலி.

"போதும்டா! நிறுத்து!" என்று கத்தினேன்.

நின்றுவிட்டது.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, நான் சொன்னதை உடனே கேட்டிருக்கிறான் என்று தோன்றியது. திரையில் மணி 4:10.

ஐந்து மணி நாய் வந்த பிறகும் அவன் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. கதவை உடைக்கும்போது ஐந்து தாண்டியிருந்தது. அவன் கதவடியில் கிடந்தான். ஒரு கை கதவின்மேல் சாய்ந்திருந்தது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். ஊதல் மூச்சுக்குழாயில் சிக்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது.

"மூணு, நாலு நிமிஷம் போராடியிருப்பார். உங்களுக்குச் சத்தம் எதுவும் கேட்கலையா?" என்றார் டாக்டர்.

"இல்ல" என்றேன்.

அந்தப் பொய்யை யாரிடமும் நான் திருத்தியதில்லை. இப்போது இங்கே திருத்துகிறேன்.

வீட்டிலிருந்த ரப்பர் பொம்மைகளையெல்லாம் தூக்கி எறிந்தேன். மருத்துவமனையில் கொடுத்த ஊதல் மட்டும், ஒட்டிய உறை பிரிக்கப்படாமல், அலமாரிக்குள் இருந்தது. உடைந்த கதவை மாற்ற வந்த தச்சரிடம், தாழ்ப்பாளைக் கீழே போடச் சொன்னேன். ஒரு சாண் உயரத்தில்.

தச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா இது? தாழ்ப்பாள் ஆளுக்கா, நாய்க்கா?"

"அங்கயே போடுங்க."

ஐந்து மாதம் கழித்து ஸ்டுடியோவைத் திறந்தேன். தனியாகத்தான். ஊதல் இல்லை, பொம்மை இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பிஸ்கட் காட்டுவேன். படங்கள் சுமாராகத்தான் வந்தன.

முதல் சில நாய்களிடமே ஒன்றைக் கவனித்தேன். எதுவும் லென்ஸைப் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்தன. கேமரா ஸ்டாண்டின் இடது கால்.

அவனுடைய வாசனை தரையில் மிச்சமிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று முறை தரையைக் கழுவினேன். அப்புறமும் அங்கேதான் பார்த்தன. அந்த நாய்களெல்லாம் காலை நேரத்தில் வந்தவை. மாலை நான்கு மணிக்கு யாருக்கும் நான் நேரம் கொடுப்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, டெய்லரம்மா கேட்டார் என்று கொடுத்தேன்.

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் கடை வாசலில் வந்து படுத்த நாயைத் தனதாக்கிக்கொண்டார். முழு வெள்ளை. வெளிர்நீலக் கண்கள். பஞ்சு என்று பெயர்.

"கூப்பிட்டா திரும்பாதும்மா. அவ்வளவு திமிர். அப்படியே எங்க வீட்டுக்காரர்தான்" என்றபடி கயிற்றை என் கையில் கொடுத்தார்.

நாய்க்குச் சொந்தக்காரர் உள்ளே இருந்தால் நாய் அவரிடம்தான் தாவும். அதனால் அவரை வழக்கம்போலப் பக்கத்து அறையில் உட்காரவைத்தேன். நான் எச்சில் துடைத்துக்கொண்டிருந்த அதே நாற்காலி.

4:03. உள்ளே வந்து குனிந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

பஞ்சு பெட்டியின்மேல் சமர்த்தாக உட்கார்ந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிஸ்கட்டை ஆட்டினேன். ஒரு பார்வை, அவ்வளவுதான். மூன்று படம் எடுத்தேன். மூன்றும் உயிரில்லாத படம்.

4:06.

பஞ்சு தலையைச் சாய்த்தது.

இத்தனை மாதங்களில் எந்த நாயும் அப்படிச் சாய்த்ததில்லை. கழுத்தை முழுதாக மடித்து, நெற்றியைச் சுருக்கி, கண்ணை அகல விரித்து... அவன் ஊதினால் எப்படிச் சாயுமோ அப்படி. பார்வை ஸ்டாண்டின் இடது காலில்.

நான் அழுத்தினேன். படம் அற்புதமாக விழுந்தது. அந்த நொடி எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் சாய்த்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. கேமராவின் க்ளிக் மட்டும்.

4:07. பஞ்சுவின் பார்வை நகர்ந்தது.

ஸ்டாண்டின் காலிலிருந்து அரை அடி தள்ளி. அப்புறம் ஓர் அடி. தரையோடு தரையாக. மெதுவாக ஊர்ந்துபோகும் ஏதோ ஒன்றைத் தொடர்வதுபோல.

நான் குறுக்கே போய் நின்றேன். அது என்னைப் பார்க்கவில்லை. என் முழங்கால்களுக்கு நடுவே பார்த்தது.

4:08. விளக்குக் கம்பம்.

பஞ்சுவின் பார்வை கம்பத்தடிக்கு வந்து சேர்ந்தபோது... கம்பம் ஆடியது. யாரோ கால் இடறியதுபோல. சுவரில் என் நிழல் இப்படியும் அப்படியும் அசைந்தது. நான் அசையவில்லை.

என் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. க்ளிக். க்ளிக். நிறுத்த முடியவில்லை.

4:09. பஞ்சு எழுந்து நின்றது.

முனகியது.

பார்வை கதவில். கீழே. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

அந்தக் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

4:10.

கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"போதும்டா! நிறுத்து!"

பஞ்சுவின் காதுகூட அசையவில்லை.

அது என் குரல்.

பாய்ந்தேன். கை பழக்கத்தில் மேலே போனது... வெறும் மரம். தடவினேன். தாழ்ப்பாள் இல்லை. எங்கே... எங்கே... கீழே. கீழே போட்டது நான்தானே. முழங்காலில் விழுந்து, இழுத்து, திறந்தேன்.

வெளியே டெய்லரம்மா மட்டும், மடியில் கைப்பையோடு.

"ஏம்மா, என்ன ஆச்சு? முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"நீங்க கத்தினீங்களா?"

"நானா? நான் எதுக்குக் கத்தப் போறேன்? நீதான் உள்ள கீச்சு கீச்சுன்னு ஊதித் தள்ளிட்ட. தலையே வலிக்குது. போதும்மான்னு சொல்ல வாயெடுத்தேன். உன் வேலையாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம் கேட்டுது?"

"மூணு, நாலு நிமிஷம் இருக்கும். கடைசில இதோ, இந்தக் கதவுகிட்ட வந்து ஊதினியே. அப்புறம் நிறுத்திட்ட."

அவர் போனதும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். உறை பிரிக்கப்படவில்லை. ஊதல் உள்ளேதான் இருந்தது.

படங்களையும் பார்த்தேன். முதல் மூன்றை விட்டுவிட்டால், 4:06இலிருந்து 4:10 வரை இருபத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் பஞ்சுவின் கண்ணைப் பெரிதாக்கினேன். நாயின் கண்ணில், எதிரே உள்ளதெல்லாம் கண்ணாடியில் விழுவதுபோலத் தெரியும். விளக்குப் பெட்டியின் வெள்ளைச் சதுரம் தெரிந்தது. நான் தெரிந்தேன். தரையில் எதுவும் இல்லை. ஏதாவது தெரிந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

ஒன்பது நாள் கழித்து, படங்களை வாங்க டெய்லரம்மா வந்தார். தலையைச் சாய்த்திருந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அழகா வந்திருக்கும்மா. ஆனா ஒண்ணு புரியல. நேத்து இதை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். திமிரெல்லாம் இல்லையாம், பாவம். பிறவியிலேயே காது கேட்காதாம். ரெண்டு காதும். கைதட்டிக் காட்டினார், தட்டை விழவச்சுக் காட்டினார். சுத்தமாக் கேட்கல." படத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். "அப்ப நீ ஊதினது இதுக்கு எப்படிக் கேட்டுது?"

பஞ்சு எதையும் கேட்கவில்லை. நாலு நிமிடமும் அது பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தச்சரை வரச்சொன்னேன். கதவையே கழற்றிவிடச் சொன்னேன்.

"போன தடவை தாழ்ப்பாளைக் கீழ போடச் சொன்னீங்க. இப்ப கதவே வேணாமா? அடுத்தது சுவரா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்த்தார். கீல்களையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அங்கே வெறும் வாசல். சில நாய்கள் ஓடிவிடுகின்றன. ஓடட்டும், பின்னாலேயே போய்ப் பிடித்து வருகிறேன். இப்போதெல்லாம் மாலை நான்கு மணிக்கு மட்டும்தான் நேரம் கொடுக்கிறேன். 4:06க்கு நாய் தலையைச் சாய்த்ததும் கேமராவை வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய், வாசலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். கை நீட்டினால் எட்டும் தூரம்.

"வாடா. கதவில்ல. வெளிய வா" என்று கூப்பிடுகிறேன்.

பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் நாய் எதுவானாலும், அதன் பார்வை கேமரா ஸ்டாண்டின் காலிலிருந்து கிளம்புகிறது. விளக்குக் கம்பத்தைத் தாண்டுகிறது. வாசலுக்கு வருகிறது.

4:10க்கு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒன்றுமில்லாத இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.