மகளைத் தேடிப் பூங்காவுக்கு

பின்னேரம் நாலு இருபதுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. மூன்று மணிக்கே ரியூசன் வகுப்பு முடிந்து வரவேண்டிய மகளைக் காணவில்லை. வீட்டு வாசல் படலையில் நின்றேன். அவளோடு படிக்கிற பிள்ளை சைக்கிளில் வந்தாள். மறித்துக் கேட்டேன்.

"அவ அப்பவே போட்டா, அன்ரி." காலை ஊன்றாமலே சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

போட்டா. வகுப்பிலிருந்து வெளிக்கிட்டுவிட்டாள் என்பதற்கும் அதே சொல்தான்; இயக்கத்தில் சேர்ந்துவிட்டாள் என்பதற்கும் அதே சொல்தான். அந்த வருடங்களில் பெற்ற தாயின் காதுக்கு இரண்டாவது மட்டும்தான் கேட்கும்.

ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்தில் பட்டணத்துப் பூங்கா. செத்துப்போன போராளிகளுக்கு இயக்கம் கட்டிய நினைவுத்தூண் அங்கேதான் இருந்தது. அதன் முன்னால் கூட்டம் வைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அதைக் கட்டிய நாளிலிருந்து நான் உள்ளே போனதில்லை. என் தம்பியும் போராடப் போனவன்தான், வேறொரு இயக்கத்துக்கு. அவனைச் சுட்டது இந்தத் தூணைக் கட்டியவர்கள். சனம் பூக்கொண்டு போய்க் கும்பிடும். தம்பியின் பெயரை நான் வீட்டுக்குள்ளேகூடச் சத்தமாகச் சொல்வதில்லை.

சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"அம்மா, செருப்பு!"

தூணடியில் காவல் நின்ற பெண் கத்தினாள். பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். தோளில் துவக்கு. இருபது வயது இருந்தால் அதிகம். கழற்றினேன். வெறுங்காலில் மணல் சுட்டது.

"ஆரைத் தேடுறியள்?"

"என்ரை மகள். பதினாறு வயது. இஞ்சை வந்தவளோ, பிள்ளை?"

"ரியூசனுக்கு ஒளிச்சுப்போட்டு எங்கையும் ஐஸ்கிறீம் குடிக்கப் போயிருப்பா."

"பகிடி விடாதை, ராசாத்தி. வந்திருந்தால் ஒருக்காக் காட்டு. நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. முகத்தைப் பாத்திட்டுப் போறன்."

கண்டிருந்தால் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். என்னை மர வாங்கில் இருத்தித் தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள். அவசரத்தில் தண்ணீர் சேலையில் ஊற்றுப்பட்டது. போத்தலைத் தானே பிடித்துப் பருக்கினாள்.

"எங்கடை அம்மாவும் இப்பிடித்தான் தேடி வந்தவ," என்றாள். "நான் முகாம் கதவுக்குப் பின்னாலை நிண்டனான். இல்லையெண்டு சொல்லச் சொன்னனான். அவ நம்பிப்போட்டுப் போயிட்டா."

போத்தல் மூடியைத் திருகிப் பூட்டினாள்.

"உங்கடை மகள் வரேல்லை, அம்மா. சத்தியமா."

அந்தக் கதையைச் சொன்னவளின் சத்தியத்தை எப்படி நம்புவது? எழுந்து தூணுக்குப் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆனால் கண் அவள் தலைக்குப் போனது. பின்னலில் ஒரு கிளிப் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினேன். அவள் தலையைக் குனிந்து தந்தாள். குத்திவிட்டேன். தம்பியைச் சுட்டபோது இவள் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள்.

அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு மகள் வந்தாள். ரியூப் வெடித்து, ஒட்டுகிற கடையில் சனத்துக்குள் நின்றாளாம். வாசலில் என் சைக்கிளைக் கண்டு உள்ளே வந்திருக்கிறாள். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தேன்.

காவல் நின்றவள்தான் அதட்டினாள். "அம்மாவுக்குச் சொல்லாமலோ இப்பிடி ஊர் சுத்துறது?"

மகள் துவக்கைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். என் மகளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனக்கா, நீங்கள் சொல்லிப்போட்டோ வந்தனீங்கள்?"