வெளியே நீட்டிய முனை

என் வீட்டுக்காரருக்கு ரயிலில் ஏசி பெட்டியில் பயணிகளுக்குப் போர்வையும் தலையணையும் கொடுக்கிற வேலை. வண்டி போய்ச் சேருகிற ஊரில் ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அதே வண்டியில் திரும்புவார். கசங்கிய சட்டையோடு போகிற மனுஷன், தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்து இறங்குவார். கேட்டால், ஊரைச் சுற்றிப் பார்த்தேன் என்பார். ஏரியாம், மியூசியமாம். அங்கே எவளோ இருக்கிறாள் என்று எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

மகள் வீட்டுக்குப் போக அந்த ஊரில்தான் வண்டி மாற வேண்டும் என்று தெரிந்ததும் விடுவேனா? அவர் வண்டியிலேயே ஏறினேன். நடுவில் கிடைக்கிற பகலில் எனக்கும் ஊரைக் காட்டுங்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

அவர் வேலை செய்வதை அந்த வண்டியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். போர்வையை மூன்றாக மடித்து, ஒரு முனையை மட்டும் நாக்கு மாதிரி வெளியே நீட்டி அடுக்குகிறார். இருட்டில் ஒற்றை விரலால் இழுத்தாலும் வந்துவிடுமாம். "இந்த லைன்ல இப்படி மடிக்கிறவன் நான் ஒருத்தன்தான்" என்று பெருமை வேறு. வீட்டில் ஒரு துண்டை மடித்துக் கொடுத்ததில்லை. ஊரார் போர்வையை மடித்தே கை ஓய்ந்துபோச்சு என்பார். நானும் பாவம் என்று விட்டுவிடுவேன்.

இறங்கிப் பார்த்தால் ஏரிக்கு வழி தெரியவில்லை மனுஷனுக்கு. போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கேட்டார். ஏரியைச் சுற்றி வேலி. மியூசியம் பூட்டிக் கிடந்தது. செருப்பு கடித்து என் குதிகால் உரிந்ததுதான் மிச்சம். என்ன இழவு ஊரோ. நடுத்தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"இத்தன வருஷமா வந்துட்டு ஒரு தெரு தெரியல. வண்டியிலயே குறட்டை விட்டுட்டுக் கெடந்தீங்களா?"

ஆமாம், ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினார். என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிவிட்டது. சோம்பேறி, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அடுத்த வண்டி வருவதற்குள் குளிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், பயணிகளுக்குப் பகலுக்கு மட்டும் அறை விடுகிற வீடு ஒன்று இருந்தது. மூட்டைப்பூச்சி பிடுங்கும், வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு உள்ளே போனேன்.

அறை விடுகிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். இவரை முன்பின் பார்க்காதவள் மாதிரி, எத்தனை பேர் என்று கேட்டாள். ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது, எல்லா வேலையும் தான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொண்டே போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

மேலிருந்து கீழ்வரை போர்வைகள். எல்லாம் மூன்றாக மடித்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இதெல்லாம் மடிச்சது யாரு?"

நான்தான் என்று அவள் வாய் சொன்னது. கண் இவரிடம் போயிற்று.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவளிடம் வந்து போனதைக்கூட விடுங்கள். இவளுக்கு உட்கார்ந்து மடித்துக் கொடுத்திருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முனைகளைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்தேன். அவர் சொன்னது நிஜம்தான், ஒற்றை விரலுக்கு வந்தது. எல்லாவற்றையும் உதறித் தரையில் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"மடிங்க. எனக்கு வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு."

குத்தவைத்து உட்கார்ந்து ஒன்றை எடுத்தார். முனையை உள்ளே தள்ளி மடிக்கத்தான் பார்த்தார். கை கேட்கவில்லை. முனை வெளியே வந்து நின்றது.