எங்கள் பாடும் வராத தோணியும்

முகத்துவாரத்தில் இறால் ஓடும் இடத்தில் வலை கட்ட எங்கள் ஊரில் முறை உண்டு. அதைப் பாடு என்போம். வீட்டுக்கு ஒன்றாகப் பேரெழுதிய ஓலைச் சீட்டுகளைப் பானையில் போட்டு எடுப்பார்கள். வெளியாளுக்குப் பாட்டை விடக் கூடாது. ஒல்லாந்தர் கோட்டையும் அதை ஒப்புக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் காலில் திருக்கை முள் ஏறிப் படுத்துவிட்டார். ஊரில் சொல்லியிருந்தால் யாராவது எங்களுக்காக வலை கட்டிப் பங்கு கொடுத்திருப்பார்கள். அவரோ நெல் வியாபாரி ஒருவருக்குப் பாட்டை விட்டார். பருவம் முடிந்ததும் வியாபாரி ஒரு தோணி தருவதாகப் பேச்சு. அதுவரை பிறர் தோணியிலேயே ஏறிப் பிழைத்தவர் இவர். வலை கட்ட வந்த கூலியாட்களைத் தோணிரேவு ஊரிலிருந்து வந்த சித்தப்பன் மக்கள் என்று ஊருக்குச் சொன்னார்.

பருவம் முடிந்தது. தோணி வரவில்லை. அவர் நொண்டிக்கொண்டே வர, போய்க் கேட்டோம்.

"இன்னா தோணி? பாட்ட எனுக்கு வுட்டேன்னு உன் ஊர்ல போய்ச் சொல்லேன் பாப்போம்" என்று சிரித்தார் வியாபாரி.

"வுட்டுடு. தெரிஞ்சா பாடே பூடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாய்யா நீ? கோட்டையில கேப்போம்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

கோட்டைத் துரை முன்னால் வியாபாரி எதையும் மறுக்கவில்லை. பேசியது நிஜந்தான், ஆனால் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு விரோதமான பேச்சு என்றார். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களும் ஆமாம் என்றார்கள். துரை ஏதோ சொல்ல, துபாஷி அதைத் தமிழில் சொல்ல எங்கள் பக்கம் திரும்பினார்.

"தப்பான பேச்சுல கோட்டை கை வெக்காதாம். போய்ட்டு வாங்க."

"எங்களுக்குத் தோணி வேணாங்க. கோட்டையே எடுத்துக்கட்டும். தப்பு ரெண்டு பேரும் பண்ணது. அது அவரு கையில மட்டும் ஏன் நிக்கணும்? கேட்டுச் சொல்லுங்க."

"போம்மா" என்றார் துபாஷி. நான் சொன்னதைத் துரையிடம் சொல்லவே இல்லை.

துரை சொன்னதிலும் நியாயம் உண்டு. எங்களுக்குத் தோணி வாங்கிக் கொடுத்திருந்தால் எல்லாப் பாடும் வியாபாரிகள் கைக்குப் போயிருக்கும். இத்தனை காலம் யோசித்தும் அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் நான் கேட்டதற்கும் இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த பருவத்தில் பானைக்குள் எங்கள் சீட்டு போடப்படவில்லை.

கால் ஆறியதும், புதுத் தார் பூசிய அந்தத் தோணியில் கழி தள்ள என் வீட்டுக்காரரையே கூலிக்குக் கூப்பிட்டார் வியாபாரி. இவரும் போனார். வேறு வழி இல்லை. சோறு கட்டிக் கொடுப்பேன். கரைவரை மட்டும் ஒருநாளும் போனதில்லை.