இளையதம்பியின் எலித் திருவிழா

எங்கள் ஊரில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் முதலில் பொன்னாடை வாங்குவோம். எதற்குப் பாராட்டுகிறோம் என்பதைப் பிறகுதான் விசாரிப்போம். இளையதம்பியின் மகள் விஷயத்திலும் அப்படித்தான் மாட்டுப்பட்டோம்.

இளையதம்பியை எங்கள் கரவெட்டியில் தெரியாதவர் இல்லை. மரவள்ளித் தோட்டக்காரர். மரவள்ளியில் கிழங்கு விழுகிறதோ இல்லையோ எலி விழும் என்பதால், அவருடைய வாழ்நாளில் பாதி எலிகளோடு மல்லுக்கட்டியே போயிற்று. பொறி வைப்பது, வளைக்குள் புகை போடுவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. யார் வீட்டு முகட்டிலாவது எலி செத்து நாறினால் அவரைத்தான் கூப்பிடுவோம். அதே இளையதம்பிதான் எங்கள் பிள்ளையார் கோயிலில் ஏழாம் திருவிழாவின் செலவை ஏற்று நடத்துகிற உபயகாரர். அன்றைக்குப் பிள்ளையார் எலி வாகனத்தில் வீதி வலம் வருவார். அந்த ஒரு நாள் எலிக்குத் தோள் கொடுப்பார், மற்ற நாட்களில் பொறி வைப்பார். இதில் ஏதும் இடிக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்தத் திருவிழா தகப்பன் வழியில் வந்தது. பூசை முடிந்ததும் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த காளாஞ்சித் தட்டைக் குருக்கள் முதலில் உபயகாரரின் கையில்தான் கொடுப்பார். தேர்த் திருவிழாவும் பூங்காவனத் திருவிழாவும் பெரிய மனிதர்களுடையவை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, இளையதம்பிக்கு அது இந்தத் திருவிழா. ஊர் அவரை நிமிர்ந்து பார்க்கிற நாள் அது ஒன்றுதான்.

மகள் துஷாந்தினி ஜேர்மனியில் இருதய ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று தொலைபேசியில் தகப்பனுக்கு விளக்கியிருந்தாள். கருவிலே இருதயம் உருவாகும்போது அதன் அறைகளுக்கு நடுவே சுவர் எழும்ப வேண்டும். அதற்குச் சில புரதங்கள் தேவை. அவற்றில் ஒன்றைச் செய்கிற மரபணுவை எடுத்துவிட்டுச் சுண்டெலிகளை உருவாக்கி, அவற்றின் இருதயம் எங்கே பழுதாகிறது என்று பார்ப்பார்கள். இருதயத்தில் ஓட்டையோடு பிறக்கிற குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்பது அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். இளையதம்பிக்கு உடனே விளங்கிவிட்டது.

"நான் தண்ணி இறைக்கிற மெசினிலை ஒரு வோசரைக் கழட்டிப்போட்டு எங்கை ஒழுகுதெண்டு பாக்கிறமாதிரித்தானே, பிள்ளை" என்றார்.

ஆனால் ஊருக்குச் சொல்லும்போது எலியை மட்டும் விழுங்கிவிட்டார். எலி வாகன உபயகாரரின் மகள் எலியை அறுக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

இந்த வருடம் திருவிழாவுக்கென்று அவள் லீவில் வந்தாள். கோயில் சபைத் தலைவர் கந்தப்பு இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், மேடையைக் கண்டால் விடமாட்டார். கொடியேறிய மறுநாளே வாசிகசாலையில் பாராட்டு விழா வைத்தார். இருதயம், அன்பு, சைவம், கரவெட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசி, பொன்னாடையும் போர்த்தினார். துஷாந்தினி நன்றி சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் நல்லது. அவள் நேர்மையான பிள்ளை, தன் வேலையைப் படம் போட்டுக் காட்டினாள். வெள்ளைத் திரை நிறைய ஒரு சுண்டெலி காதை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"இது எங்கடை எலி. நாங்களே உருவாக்கினது" என்றாள்.

"உருவாக்கிப்போட்டு என்ன செய்வியள்?" என்று கேட்டார் கந்தப்பு.

"கன எலியள் பிறக்க முந்தியே செத்துப்போகும், மாமா. மிச்சத்தை நாங்கள் சாக்காட்டி இருதயத்தை எடுத்துப் பாப்பம்."

கந்தப்புவின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசிக் கதிரையில் இருந்த இளையதம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் பின்னேரம் கோயில் மண்டபத்தில் சபை கூடியது, நானும் அதில் ஒருவன். கந்தப்பு தீர்ப்புச் சொல்ல எழும்பினார்.

"பிள்ளையாற்றை வாகனத்தைக் கொல்லுற கை பிள்ளையாற்றை வீதியிலை நிக்கப்படாது. இளையதம்பி, உபயம் உன்ரைதான். அதை ஆரும் பறிக்கேல்லை. பிள்ளையை மட்டும் அண்டைக்கு வீட்டிலை நிக்கச் சொல்லு."

அப்போது மடப்பள்ளிக்குள் எலிப்பொறி டப்பென்று அடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் எத்தினை எலியைச் சாக்காட்டியிருப்பன், அண்ணை" என்றார் இளையதம்பி. "உங்கடை வீட்டு முகட்டிலையும்தான். அப்ப ஒருத்தரும் என்னை வீட்டிலை நில்லெண்டு சொல்லேல்லை. என்ரை பிள்ளை நிக்கப்படாத வீதியிலை எனக்கு என்ன வேலை?"

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தகப்பனுக்கும் பாட்டனுக்கும் கிடைத்த காளாஞ்சியை அந்த மனிதர் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டுப் போனார். "நான் வீட்டிலை நிக்கிறன், நீங்கள் போங்கோ அப்பா" என்று மகள் கெஞ்சிப் பார்த்தாளாம். "நீ பேசாமல் இரு" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம்.

ஏழாம் திருவிழாவைக் கந்தப்புவே பொறுப்பெடுத்தார். தியாகம் என்று சொல்லிக்கொண்டார். துப்புரவாக்குவதற்கு எலி வாகனத்தை வெளியே எடுத்தபோது மர எலியின் ஒரு காதை உயிருள்ள எலிகள் அரித்திருந்தன. கந்தப்புவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கே ஆள் விட்டு எலிப் பாஷாணம் வாங்குவித்து, வாகனசாலையின் மூலைமுடுக்கெல்லாம் வைப்பித்தார். வைக்கும்போது வாயில் தேவாரம் வேறு.

ஏழாம் நாள் பின்னேரம் வாகனத்துக்குச் சாத்துப்படி அலங்காரம் செய்யப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். எலிகள் நஞ்சைத் தின்றுவிட்டு வாகனத்தின் வயிற்றுக்குள்ளேயே போய்ச் செத்திருந்தன. சாம்பிராணி போட்டார்கள், பன்னீர் தெளித்தார்கள். மணம் இன்னும் கூடியது.

"உந்த மணத்தோடை சுவாமியை எழுந்தருளப்பண்ண ஏலாது" என்று குருக்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

வாகனத்துக்குள் கைவிட ஒருவரும் ஆயத்தமில்லை. கடைசியில் கந்தப்பு தானே இளையதம்பியின் வீட்டு வாசல் படலையடிக்குப் போனார், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு.

"ஒருக்கா வாவன், இளையதம்பி. உன்னை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

இளையதம்பி வெளியே வந்து நின்றார்.

"ஓம், வாறன். பிள்ளையும் வருவா. அவவும் என்னோடை வீதி சுத்துவா. முதல் காளாஞ்சி அவவின்ரை கையிலை."

கந்தப்பு என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

"சரி, கெதியா வாங்கோ" என்றார்.

துஷாந்தினி கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்தாள். தகப்பன் வாகனத்தின் அடிப்பலகையைக் கழற்ற, மகள் உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய சட்டியொன்றில் வைத்தாள். தாயும் கண் திறவாத குட்டிகளுமாக ஒரு குடும்பமே அங்கே இருந்தது. அவள் சட்டியைக் கந்தப்புவுக்கு முன்னே நீட்டினாள்.

"இவ்வளவும் சும்மா செத்திருக்கு, மாமா" என்றாள். "எங்கடை எலியள் ஏதோ ஒண்டைச் சொல்லிப்போட்டுத்தான் சாகும்."

கந்தப்பு சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.