ஒன்பது பேருக்குப் பத்துக் குரல்

சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன். பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிறவன் நான். நான் காதை வைத்துப் பிழைத்தவன். இருபது பேர் ஒன்றாகப் பாடும்போது சுருதி விலகினால், அது மூன்றாவது வரிசையில் ஜன்னலோரப் பெண் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தக் காது சொன்னதைத்தான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் என் காபியையாவது குடித்துவிட்டுப் போங்கள்.

எழுபதுகளின் நடுவில் பொன்னேரியில் நான் பாட்டு வாத்தியார். காலையில் கர்நாடக சங்கீதம், சாயங்காலம் மேடையில் சினிமாப் பாட்டுப் பாட ஆசைப்படுகிற பையன்கள். இரண்டுக்கும் ஒரே தொண்டைதான் என்பது என் கட்சி. அதற்காகப் பெரிய வித்வான்கள் என்னைத் திட்டினார்கள், நான் சட்டை பண்ணவில்லை. யார் வந்தாலும் முதல் மாதம் பாட்டே கிடையாது, மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றில் ஒரு செங்கல்லை வைப்பேன். மூச்சு இழுத்தால் கல் எழ வேண்டும், விட்டால் மெல்ல இறங்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். இன்னொன்று, வகுப்பில் நான் வாயைத் திறந்து பாடவே மாட்டேன், ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவதோடு சரி. வாத்தியார் பாடினால் பிள்ளைகள் தங்கள் குரலை விட்டுவிட்டு அவர் குரலைக் காப்பியடிக்கும்.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து தேவாலயம் ஒன்றின் போதகர், ஈஸ்டருக்குத் தானே ஒரு பாட்டு எழுதி வைத்துக்கொண்டு, நான் அதற்கு மெட்டுப் போட்டுத் தன் ஆட்களுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மோகன ராகத்தில் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை மத்தியானங்களில் சைக்கிளில் போவேன். ஒன்பது பேர் பாடினார்கள், எல்லோரும் ஒரே ஸ்வரத்தில்தான் பாட வேண்டும் என்பது என் கண்டிப்பு. சிலர் பிரிந்து மேலேயும் கீழேயும் பாடுகிற வெள்ளைக்கார வழக்கம் என் காதுக்கு ஆகாது. எனக்கு அது அபஸ்வரம்.

முதல் சனிக்கிழமையே கேட்டுவிட்டது. எல்லோரும் பஞ்சமத்தில் நிற்க வேண்டிய இடத்தில், அடியில் காந்தாரத்தில் ஒரு ஆண் குரல் நின்றது. நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும், ஆரம்பித்தால் கூடவே வரும். அடுத்த வாரமும் அப்படித்தான். குழுவில் கனத்த கீழ்க்குரல் உள்ளவன் ஒரே ஆள், தேவசகாயம். இரும்பு உருக்கும் பட்டறையில் உலை முன்னால் நிற்பவன். அவன் அப்பா ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். ஆர்மோனியத்தை ஒட்டி என் இடப்பக்கம் நிற்பான். மூன்றாவது வாரம் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"யோவ், உலைகிட்ட கத்துற தொண்டைய இங்க கொண்டாந்து விடாதே. போ வெளியே."

"சார், நீங்க வாசிச்சதத்தான் சார் பாடுனேன். ஆண்டவர் சத்தியமா நான் மாத்தல. எம்பொண்ணுகிட்ட சொல்லிக்கினு வந்திருக்கேன் சார், அப்பா முன்னால நின்னு பாடப்போறேன்னு."

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே. "இதெல்லாம் பிறப்புலயே வரணும்" என்றேன், எட்டுப் பேர் முன்னால். அது பாட்டைப் பற்றி மட்டும் சொன்ன வார்த்தை இல்லை என்பது அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சரி, தொல்லை விட்டது என்று மறுபடி ஆரம்பித்தேன். எட்டுப் பேர் பாடினார்கள். அந்தக் குரல் அடியில் அப்படியே இருந்தது.

வெயில் நேரம், நான்கு மணி இருக்கும், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் கம்பி வெட்டுகிற சத்தம். பயப்பட அங்கே எதுவுமில்லை. ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன், ஏழு, ஆறு, ஐந்து என்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் எஸ்தர் என்கிற நர்ஸ் பெண் மட்டும் நின்றாள். அவள் தனியாகப் பாடினாள், இரண்டு குரல் கேட்டது. பாதியில் நிறுத்தினாள்.

"சார், நீங்க கூடவே பாடாதீங்க சார். எனக்குத் தப்புது."

"நான் எங்கம்மா பாடினேன்?"

"இன்னா சார், மூணு வாரமா நீங்கதான கீழ பாடினு இருக்கீங்க. எல்லாருந்தான் கேக்கறோம்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி பாடிக்கொண்டே என் மூடிய வாயைப் பார்த்தாள். உடனே புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த வெயிலில், வெளியே போய் நின்றுவிட்டாள்.

நான் விடுகிற ஆள் இல்லை. தனியாக உட்கார்ந்து நானே பாடிப் பார்த்தேன். ஐந்து வருடமாகப் பாடாத தொண்டை, கொஞ்சம் கரகரத்தது. அடியில் வந்த குரலும் அதே இடத்தில் கரகரத்தது. அது என் குரல்தான். ஆர்மோனியத்தை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன், ஆரணி ஆற்றுப் பாலம் வரும்வரை பெடலை விடவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஈஸ்டருக்கு மீதியிருந்த அந்த ஒரு வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாதது அந்தக் குரல் இல்லை. தேவசகாயத்தின் பார்வைதான். குற்றம் அவன்மேல் இல்லை என்று தெரிந்துபோயிற்று. போதகருக்கு ஆள் விட்டு அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆனால் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை, கௌரவம் தடுத்தது. எல்லோர் முன்னாலும் பேசிய பேச்சு, ஈஸ்டரன்று எல்லோர் முன்னாலுமே மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "தேவசகாயம், அன்னைக்கு நான் பேசினது தப்பு, மன்னிச்சுடு." இதுதான் வாக்கியம். நூறு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்.

ஈஸ்டரன்று விடிகாலை ஐந்து மணிக்கு ஆராதனை. மூன்றரைக்கே கிளம்பினேன். கவரைப்பேட்டை நெருங்கும்போது முன் சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் எழுந்து வந்தபோது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. ஆறு மணிக்கு நான் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து ட்யூப் தண்ணீரில் குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், அவரே பிற்பாடு ஒரு தடவை போதகரிடம் வந்து சாட்சி சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். போதகர் என் கையைப் பிடித்து, "பாட்டு இரட்டைக் குரலா சேர்ந்து நின்னப்போ எனக்கு மெய் சிலிர்த்துடுச்சு. இவ்ளோ அழகா பாடுவீங்கன்னு சொல்லவே இல்லையே" என்றார். ஆர்மோனியத்தை யார் வாசித்தது என்று கேட்டேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். எஸ்தர் மட்டும் தூரத்திலேயே நின்று, அப்போதுதான் வந்து நின்ற என் சைக்கிளின் டயரில் இருந்த புதுமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

தேவசகாயம் வெள்ளைச் சட்டையில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக வந்தான். அழுதிருந்தான்.

"இன்னா சார் நீங்க. அவ்ளோ ஜனத்துக்கு முன்னால எங்கையைப் புடிச்சிக்கினு கேக்கணுமா? நான் அன்னைக்கே மறந்துட்டேன் சார்."

"நான் என்ன சொன்னேன்?" என்று மட்டும் கேட்டேன்.

நான் தயார் பண்ணியிருந்த வாக்கியத்தை ஒரு எழுத்துக்கூட மாறாமல் சொன்னான். பிறகு, "அதுக்கப்பறம் சொன்னீங்களே சார், அதுதான் மனசு தாங்கல. 'பிறப்புலயே வரணும்னு உன்னச் சொன்னேன், ஆனா ரேடியோவுக்குப் பாடப்போயி மூணு தடவையும் வேணாம்னு திருப்பி அனுப்புனது என்னத்தான். அந்த எரிச்சல உம்மேல கொட்டிட்டேன்'னு சொன்னீங்க. எந்த வாத்தியார் சார் அப்டி சொல்லுவாரு?" என்றான்.

அந்த மூன்று தடவையை நான் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே தெரியாது. நான் பாடுவதை விட்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டதும் இல்லை. பிள்ளைகள் காப்பியடிக்கும், அது இது என்று மற்றவர்களுக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை. அது என்ன, யார், எனக்குத் தெரியாது, தெரிந்தவர் இருந்தால் சொல்லட்டும். என்னை வாட்டுவது வேறு. தேவசகாயத்தின் கையைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொன்னது நான் இல்லை. போன ஈஸ்டருக்குக்கூட அவன் வீட்டுக்குப் போயிருந்தேன், பேரப்பிள்ளைகள் முன்னால் அவன் கையைப் பிடித்து, "தேவசகாயம், அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவன் சிரித்தான்.

"அதான் சொல்லிட்டீங்களே சார். எத்தினி தடவ சொல்லுவீங்க? உக்காருங்க, சாப்பிடலாம்."