மேடையில் தேடியும் கிடைக்காத மகள்

என் மகளை வீட்டிலும் தெருவிலும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் கீழ்வீட்டுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் போதும். பாட்டும் அப்படித்தான். குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம் வெளியே வரமாட்டாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. முதல் மாடியில் இருக்கும் தபால்காரர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "இன்னிக்கு ரெண்டாவது பாட்டுல சுருதி எறங்கிடுச்சும்மா, தொண்டை சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் இசை நாடகம் படிக்கப் போகிறேன் என்றாள். பாடிக்கொண்டே ஆடி நடிக்கிற நாடகம். அதற்குக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து இஸ்திரி மெஷினுக்குக் கொடுப்பது என் வேலை. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

"உனக்குத்தான் பாடத் தெரியுமே, அதுக்கு எதுக்கு காலேஜ்?" என்றார் அவர்.

"உங்களுக்குக் கிரேன் ஓட்டத் தெரியும். அப்பறம் எதுக்குப்பா லைசென்ஸ்?"

அவருக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. சேர்க்கை நாளில் கல்லூரிப் பாட்டு டீச்சரிடமே கேட்டுவிட்டார். "இதைப் படிச்சா சோறு கெடைக்குமாங்க?"

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "போன வருஷம் முடிச்ச ஒரு பொண்ணு பயணக் கப்பல்ல பாடறா. ஒரு பையன் பொம்மைப் படத்துல கரடிக்குக் குரல் கொடுக்கறான். இன்னொருத்தன் மேல கொஞ்சம் படிச்சுட்டு, வாதம் வந்து பேச்சு போனவங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தே பேச்சை வரவழைக்கறான். பத்துப் பேர் படிச்சா மேடையில நிக்கறது ரெண்டு பேருதாங்க. மிச்ச எட்டுப் பேரும் சும்மா இல்ல."

வீடு வந்து சேரும்வரை பேருந்தில் இவர், "கரடிக்குக் குரலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்றாம் வருட நாடகம் முடிகிற நாளுக்குள் அவள் கையில் வேலைக் கடிதம் இருக்க வேண்டும். அதை அப்பா படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் துறைமுக அலுவலகத்தில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வேண்டும். மேனேஜரிடம் இவர் அப்போதே சொல்லியும் வைத்துவிட்டார்.

முதல் வருடம் வீடு அமர்க்களப்பட்டது. தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்" என்று மூச்சை விடுவாள். முதல் நாள் நான் கேஸ் கசிகிறது என்று ஓடிப்போய் அடுப்பை மூடினேன். இரண்டாம் வருடம் கல்லூரியில் எல்லோரும் ஒரு நாடகத்துக்கு மேடைக்குப் பின்னால் வேலை செய்தே ஆக வேண்டுமாம். அதை முடித்து வந்தவள் ஆளே மாறிப்போனாள். பாட்டுத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் மேஜையில் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, போ" என்று முணுமுணுப்பாள். ஆட்டத்துக்குக் கணக்கு போடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடம், "கடைசி நாடகத்துல உனக்கு என்ன வேஷம்?" என்று கேட்டேன்.

"முக்கியமான எடம்மா" என்றாள். பென்சிலை எடுத்துக்கொண்டு பாட்டுத் தாள்களிடம் போய்விட்டாள்.

எனக்கு அது போதுமே. மறுநாளே சலவைக்கூடத்தில் என் மகள்தான் கதாநாயகி என்று சொல்லிவிட்டேன். ஐந்து பேர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். சாயங்காலம் அதை அவளிடம் சொன்னபோது அவள் முகம் வாடியது. பயப்படுகிறாள் என்று எண்ணி, கடவுளிடம் அவளுக்காகக் கூடுதலாக ஒரு தரம் வேண்டிக்கொண்டேன்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. சலவைக்கூடத்துப் பெண்கள் ஒரு வரிசை. எங்களுக்கு முன்வரிசைக்கு அடுத்தது. என் நாத்தனாரும் வந்திருந்தாள். கையில் கொடுத்த தாளில் நடிப்பவர்கள் பெயர் அச்சாகியிருந்தது. விரல் வைத்து இரண்டு தரம் படித்தேன். என் மகள் பெயர் இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

திரை விலகியது. கதாநாயகி வந்தாள். அது யாரோ ஒரு நெட்டைப் பெண்.

"அண்ணி, அந்த மரமா நிக்கறது நம்ம புள்ளையா?" என்றாள் நாத்தனார்.

"அது ஆம்பளைப் பையன்."

"அப்போ கடைசியில தொப்பி போட்டுக்கிட்டு ஆடறவ?"

"அவ நம்மவளவிட ரெண்டு சுத்து பெருசு."

"வேஷத்துக்காக உள்ள துணி வெச்சுத் தைச்சிருப்பாங்க. எதுக்கும் கை தட்டி வைங்க, அண்ணி."

தட்டினேன். பின்னாலிருந்து சலவைக்கூடத்துப் பெண்களும் தட்டினார்கள். தொப்பிக்காரிக்கு வாழ்க்கையில் அவ்வளவு கைத்தட்டல் கிடைத்திருக்காது. ஆனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? வேஷத்தைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? இவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டோக்கன் ஜன்னல் அவர் கண்ணில் தெரிகிறது என்று எனக்குப் புரிந்தது. கடவுளே, அவள் முகத்தைக் காட்டு, ஒரு வரி பாடினால்கூடப் போதும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பெரிய பாட்டு. கதாநாயகி நடுமேடையில் நின்று பாட, சுற்றி இருபது பேர் ஆடினார்கள். மேலேயிருந்து இரும்பில் செய்த ஒரு மாடிமுகப்பு, பால்கனி மாதிரி, கயிறுகளில் மெதுவாக இறங்கியது. விளக்கெல்லாம் எரிய, அழகாக இருந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் ஆவென்று பார்த்தார்கள்.

இவர் மட்டும் திடீரென்று எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, வேகமாக ஆட்டினார். துறைமுகத்தில் ஆபத்து என்றால் காட்டுகிற சைகை அது.

"ஏங்க, உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அதே நொடி ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. "நிறுத்துங்க. மேடையில இருக்கறவங்க எல்லாரும் முன்னால வாங்க. மேல பாக்க வேணாம், நடந்து வாங்க."

வாத்தியங்கள் பாதி மூச்சில் நின்றன. இருபத்தொரு பேரும் முன்னால் வந்தார்கள். அப்போதுதான் நான் மேலே பார்த்தேன். மாடிமுகப்பின் ஒரு முனை சிக்கி நின்றிருக்க, மறுமுனை சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் அந்த நெட்டைப் பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

"பெரியவங்களே, சின்ன பழுது. யாருக்கும் எதுவும் ஆகல. பத்து நிமிஷத்துல திரும்ப ஆரம்பிக்கிறோம்" என்றது குரல். திரை மூடியது.

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பத்து வருடம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?

"நம்ம டமாரம்" என்றேன். இவர் நின்றபடியே இருந்தார். "எனக்குத் தெரிஞ்ச அதே நேரத்துல அவளுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நாடகம் முடிந்ததும் பின்பக்கம் போனோம். மேடையின் ஓரத்தில் ஒரு மேஜை. அதில் ஒரு குட்டி விளக்கு, மேடையைக் காட்டும் சின்னத் திரை, பென்சில் குறிகள் நிறைந்த பாட்டுப் புத்தகம். கழுத்தில் ஹெட்போனோடு என் மகள் நின்றாள். எங்களைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"நான் மேடையில இல்லப்பா. நான் ஸ்டேஜ் மேனேஜர். எந்த வெளக்கு எரியணும், எது எறங்கணும், யார் எப்ப உள்ள வரணும்னு பாட்டை எண்ணி எண்ணி இங்கேருந்து சொல்லணும். எனக்கு இதுதான்பா புடிச்சிருக்கு. அம்மா எல்லார்கிட்டயும் கதாநாயகின்னு சொல்லிட்டாங்க. அப்பறம் எப்படிச் சொல்றது?"

அது என்னைச் சுட்டது. டமாரம் என்று பெயர் வாங்கியது அவள், அடித்தது நான்.

இவர் அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. "எந்தப் பக்கம் சிக்கிச்சு?" என்றார்.

"வலது பக்கம். கப்பியில கயிறு ஏறிக்கிச்சு."

"எப்படிப் பார்த்த?"

"இந்தச் சின்னத் திரையில ஒரு ஓரம் தாழ்ந்து தெரிஞ்சுது."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம், சரியாயிடும்னு தோணலையா?"

"தோணிச்சு. ஆனா அதுக்கு அடியில ஆள் இருக்காளேப்பா."

"பயமா இல்லையா?"

"அப்ப இல்ல. இப்பதான்பா பயமா இருக்கு."

அவள் கையை இவர் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா கீழேருந்து எனக்கு எத்தனையோ பேர் சிக்னல் கொடுத்திருக்காங்க. கப்பல் கிளம்ப நேரமாச்சுன்னா நிறுத்துன்னு சொல்ல வாய் வராது. அப்படிச் சொல்ற ஆளை நான் ரெண்டு பேரைத்தான் பாத்திருக்கேன்." பிறகு, "சரி, வேலைக் கடிதம் இருக்கா?" என்றார்.

மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழு ஒன்றில், பதினான்கு மாதத்துக்குத் துணை ஸ்டேஜ் மேனேஜர். கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பதில் சொல்லக் கடைசி நாள் மறுநாள்.

அவர் இரண்டு தரம் படித்தார். "தங்கறதுக்கு எடம் அவங்களே தர்றாங்களா?"

"ஆமாப்பா."

"கயிறெல்லாம் யாரு சோதிக்கறாங்க?"

"நானும் சேர்ந்துதான்."

"அப்போ சரி."

"அப்போ புள்ள பாடவே மாட்டாளா?" என்று நாத்தனார் ஆதங்கப்பட்டாள். யாரும் பதில் சொல்வதற்குள் இவர் அந்தக் கப்பியைப் பார்க்க வேண்டும் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு இரும்பு ஏணியில் ஏறத் தொடங்கிவிட்டார். ஐந்து சலவைக்கூடத்துப் பெண்களும் கீழே நின்று, "பாத்துண்ணே, பாத்து" என்று கத்தினார்கள். நான் சுவர் ஓரமாக நின்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். நான் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததைக் கொடுத்தார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போதே இவர் மேனேஜருக்குப் போன் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே பேசியது எனக்குக் கேட்டது.

"சார், அந்த டோக்கன் ஜன்னலுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. பொண்ணுக்கு வேலை கெடைச்சிடுச்சு. நாடகத்துலதான்... இல்ல சார், நடிக்கல... பாடவும் இல்ல. மேலேருந்து எறங்கறது, உள்ள வர்றது, வெளிய போறது, எல்லாம் அவ சொன்னாத்தான் நகரும்... அட ஆமா சார், நம்ம வேலையேதான்! என்ன, நம்ம சரக்கு வாயைத் தொறக்காது. அங்க அது பாட்டுக்குப் பாடிக்கிட்டே நிக்கும்."