நின்றதாகச் சொன்ன இயந்திரம்

சுபாவைப் பற்றி நல்லம்பள்ளியில் கேட்டால், "மரியசூசை மவளா? வூட்லயே உக்காந்து கம்ப்யூட்டர் பாக்குது" என்பார்கள். பார்க்கிறாளாம்! பாலக்கோட்டில் நஞ்சப்பனின் மண்டியில் தக்காளியைத் தரம் பிரிக்கும் இயந்திரம் அவள் திருத்தி எழுதிய கர்னல் என்ற அடிப்படை மென்பொருளில்தான் ஓடுகிறது.

பழம் வராதபோது அதன் உருளைகள் தாமே நின்றுவிடும். சென்சார் எதையாவது கண்டால் தாமே சுழலும். நசுங்கிய பழத்தைக் கைவிட்டு எடுக்கத் திரையில் நிறுத்தத்தை அழுத்த வேண்டும். அப்புறம் எதைக் கண்டாலும் அவை சுழலக்கூடாது. மின்சாரத்தையே நிறுத்தும் மெயின் சுவிட்சை மட்டும் அங்கே யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி கிளம்ப எட்டு நிமிடம், அதற்குள் லாரிக்காரன் கத்துவான்.

"மெஷினு ஆமையாட்டம் ஓடுது" என்று நஞ்சப்பன் பத்து நாளாக உயிரை எடுத்தார். கணினியின் மூளையான செயலி, தான் எழுதுவதையெல்லாம் உடனே நினைவகத்துக்குக் கொண்டுபோனால் வேகம் வராது. பக்கத்திலேயே கேஷ் என்ற சின்ன இடத்தில் வைத்துக்கொண்டால் வேகம் வரும். எந்த நினைவகப் பக்கத்துக்கு அந்தச் சலுகை உண்டு, எதற்குக் கிடையாது என்று கர்னல் குறித்து வைத்திருக்கும். பழங்களைப் படம்பிடிக்கும் கேமராவின் படங்கள் விழும் பக்கங்களுக்குக் கிடையாது என்று இருந்ததைத் திங்கட்கிழமை சுபா உண்டு என்று மாற்றினாள். வேகம் மூன்று மடங்கு! நஞ்சப்பன் ஒரு கூடை தக்காளி கொடுத்தனுப்பினார்.

வியாழன் காலை பதினொரு மணி. வீட்டு மேசையில், மண்டி இயந்திரத்தின் அதே மென்பொருள் ஓடிய சோதனை போர்டில் நிறுத்தத்தை அழுத்தினாள். திரையில் சிவப்பு வந்தது. சென்சார் முன்னால் விரலை நீட்டினாள். மோட்டார் சுழன்றது.

அடிப்பாவி! நிறுத்தத்தை அழுத்தியதும் எழுதப்படும் குறியும் அதே பக்கங்களில்தான் இருந்தது. எழுதிய கையோடு அதைக் கேஷிலிருந்து நினைவகத்துக்குத் தள்ளிவிடும் வரியை அவள் எழுதவே இல்லை. திரை கேஷைப் பார்த்து நின்றாயிற்று என்கிறது. மோட்டாரை ஓட்டும் சில்லு நினைவகத்தைப் பார்க்கிறது, அங்கே இன்னும் பழைய சேதிதான். பழம் மளமளவென்று வரும்போது புதுப் படங்கள் நெருக்கி, குறியைத் தாமே வெளியே தள்ளிவிடும். அதனால் மூன்று நாளாகத் தெரியவில்லை. வரத்து குறைந்தால்தான் ஆபத்து. வியாழக்கிழமைகளில்தான் பதினொரு மணிக்கு வரத்து குறையும். அப்போதுதான் மண்டியில் வேலை பார்க்கும் மலர்விழி உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்வாள்.

இரண்டு முறை யாரும் போனை எடுக்கவில்லை. மூன்றாம் முறை நஞ்சப்பன் எடுத்தார்.

"அண்ணா, மெயினை ஆஃப் பண்ணுங்க!"

"எதுக்கும்மா? நின்னுதான கெடக்குது. மலரு இப்பத்தான் ஸ்டாப்ப அமுத்திட்டு கை வுடுது."

"வுட வேணாம்னு சொல்லுங்க!"

"ஸ்கிரீன்ல செவப்பு காட்டுதே, சுபா."

சின்ன சந்தேகம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அதற்கு நேரமில்லை.

"அது பொய்ங்கண்ணா! நான் தப்பா எழுதிட்டேன். அக்கா கை போயிரும், அணைங்க!"

போன் தடாலென்று விழுந்தது. ஒரு அலறல். பிறகு ஒன்றுமில்லை.  சுபா லேப்டாப்பை அள்ளிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பாலக்கோடு வரைக்கும் அந்த அலறல் காதைவிட்டுப் போகவில்லை.

மண்டியில் மலர்விழி கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். உருளை கவ்விய வலது கையில் முழங்கைவரை சிராய்ப்பு; அதற்குள் நஞ்சப்பன் மெயினை அணைத்திருந்தார்.

"வளையல்தான் போச்சு. கை இருக்குது" என்றாள்.

சுபா அழுதுகொண்டே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.  அந்த ஒரு வரியை எழுதி ஏற்றி, வரத்தே இல்லாமல் இயந்திரத்தைச் சும்மா விட்டு, நிறுத்தத்தை அழுத்தி, தக்காளியை உருட்டி நாற்பது முறை சோதித்தாள் சுபா. நாற்பது முறையும் உருளைகள் அசையவில்லை.

"சரியாயிருச்சுக்கா."

"தக்காளிக்குச் சரியாயிருச்சு. நீ கைய வுடு."

நஞ்சப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மலர்விழி அவரைக் கண்டுகொள்ளாமல் மெயின் சுவிட்சருகே போய் அதில் கைவைத்து நின்றாள். சுபா நிறுத்தத்தை அழுத்தினாள். சிவப்பு வந்தது. தான் எழுதியதை நம்பி, உருளைகளுக்கு நடுவே கையை முழங்கைவரை விட்டாள்.  உருளைகள் அசையவில்லை. கையை வெளியே இழுக்கப் பார்த்தாள்.

"எடுக்காத" என்றாள் மலர்விழி. "நாங்க நசுங்குன பழத்தப் பொறுக்கி முடிக்கிற நேரம் வரைக்கும் வையி."